பக்கத்து இருக்கை

செப்டம்பர் 8, ஞாயிறு

மேபிள்தார்ப் கடற்கரைக்குப் போய் வந்தோம். மழை இல்லை. காற்று பலம். லில்லி கார் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில்.

போகும் வழியில் ஒரு குறுகிய பாலம். எதிரே வந்த லாரி இரண்டு முறை விளக்கை அடித்தது. எங்கள் ஊரில் எதிரே வருபவர் விளக்கடித்தால் 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்' என்று பொருள். லில்லி நிறுத்தினாள். லாரியும் நின்றது. மறுபடி விளக்கடித்தது. "நில்லு, வருவான்" என்றேன். வரவில்லை. எங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டன. கடைசியில் லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போலக் கையை நீட்டி எங்களை வரவேற்றார். இங்கே விளக்கடித்தால் 'நீ முதலில் வா' என்று பொருளாம்.

பாலத்தைத் தாண்டியதும் லில்லி சிரித்தாள். "அவரு கூப்பிடுதாரு, நாம கோவிச்சுகிட்ட மாப்பிள்ளை மாதிரி நிக்கோம்."

"எச்சரிக்கையா இருந்ததுல தப்பில்ல."

"தப்புன்னு யாரு சொன்னா? ரெண்டு பக்கமும் ரோட்டை அடைச்சுப் போட்டோம்னு சொல்லுதேன்."

கடற்கரையில் மீனும் சிப்ஸும் வாங்கினோம். லில்லி பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தாள். ஒரு கடற்பறவை ஊறுகாய் தோய்ந்த சிப்ஸைக் கொத்திக்கொண்டு போய், தின்றுவிட்டு, இன்னொன்றுக்குத் திரும்பி வந்தது. "பாளையங்கோட்டைக்காரி" என்றாள் லில்லி.

பதிவுக்காகச் சில விவரங்கள். நாங்கள் இந்த லவுத் ஊருக்கு வந்தது மார்ச் 11. லில்லிக்கு இங்கே சமூகச் செவிலியர் வேலை. கிராமம் கிராமமாகக் காரில் போய், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்குக் கால்புண் கட்டுவது, இன்சுலின் போடுவது. நமது நாட்டு ஓட்டுநர் உரிமம் இங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் இந்த நாட்டுத் தேர்வில் அவள் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். தேறாவிட்டால் இந்த வேலை இல்லை. மருத்துவமனை வார்டு ஒன்றில் இடம் காலியாக இருந்தால் போகலாம். எழுத்துத் தேர்வை ஆகஸ்டில் முடித்துவிட்டாள். ஓட்டும் தேர்வு அக்டோபர் 22, கிரிம்ஸ்பியில்.

"வார்டுல இருபத்திரண்டு வருஷம் நின்னாச்சு" என்றாள் திரும்பி வரும்போது. "மேட்ரன் பார்வையில, டாக்டர் பார்வையில. இதுல நானே போறேன், நானே பாக்கேன், நானே வாறேன். இதை விடமாட்டேன்."

செப்டம்பர் 14, சனி

லிங்கன் நகரம். பெரிய தேவாலயம். அதற்கு ஏறிப் போகும் தெருவுக்கே செங்குத்து மலை என்றுதான் பெயர். ஏறினோம். இரண்டு இடத்தில் நான் கடைகளின் கண்ணாடியில் சாமான் பார்ப்பதுபோல நின்றேன். இரண்டாவது கடையில் குழந்தைகள் உடை மட்டுமே இருந்ததாக லில்லி பிறகு சொன்னாள்.

வழியில் ஏராளமான ரவுண்டானாக்கள். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். நான் முன்னால் சாய்ந்து பார்த்து, சாலை காலியாக இருந்தால் "ரைட்" என்பேன். லில்லி வண்டியை எடுப்பாள். நம் பஸ்களில் நடத்துனர் சொல்லும் அதே ரைட்தான். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் "சோத்துக்கைப் பக்கம்" என்பேன். குழப்பம் வராது. கைபேசியில் வழி சொல்லும் பெண்தான் எல்லாவற்றையும் குழப்பினாள். அவள் ரைட் என்றால் எந்த ரைட் என்று தெரியவில்லை. வாயை அடைத்துவிட்டோம். இப்போது வழியை நானே பார்த்துச் சொல்கிறேன்.

நான் கார் ஓட்டியதில்லை. உரிமமும் எடுத்ததில்லை. ஆனால் முப்பத்தோரு ஆண்டு மாவட்ட நிருபராக இருந்தவன். விபத்துச் செய்தி மட்டும் எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எந்த வளைவில் என்ன நடக்கும் என்பது ஓட்டுபவரைவிட எழுதுபவருக்கு நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 19, வியாழன்

குப்பைத் தொட்டி மாற்றி வைத்துவிட்டேன். பச்சைத் தொட்டியை எடுப்பது அடுத்த வாரம்தானாம். லில்லியின் சீருடை மூன்றும் தேய்த்தாயிற்று.

அக்டோபர் 3, வியாழன்

ஆறு மாதம் மூத்த செவிலியரின் காரில் போய்வந்தவள், கடந்த மாதத்திலிருந்து எங்கள் காரிலேயே போகிறாள். நானும் கூடப் போகிறேன். அவள் நோயாளியின் வீட்டுக்குள் போவாள். நான் காரில் இருப்பேன்.

மிஸஸ் பெக் என்றொரு அம்மாள், எண்பத்தேழு வயது, காலில் ஆறாத புண். வயல்களுக்கு நடுவே தனி வீடு. இன்று அவர் வீட்டிலிருந்து லில்லி ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"மிஸ்டர் எங்காவுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"யாரு அது?"

"நீங்கதான். நான் உங்கள ஏங்க, ஏங்கன்னு கூப்பிடுதத ஜன்னல் வழியா கேட்டிருக்காங்க. உங்க பேரு எங்கான்னு நெனச்சுகிட்டாங்க."

"சாமுவேல்னு சொல்லவேண்டியதுதான?"

"சொன்னேன். அதைவிட எங்கா நல்லாருக்காம்."

தேநீர் நன்றாக இருந்தது.

திரும்பும்போது ஒரு வளைவில் லில்லி ஹார்ன் அடித்தாள். நான்தான் அடிக்கச் சொன்னேன். வளைவுக்கு அப்பால் நாயோடு நின்றிருந்தவர், நாங்கள் அவருடைய தாயாரைத் திட்டிவிட்டதுபோலப் பார்த்தார்.

அக்டோபர் 22, செவ்வாய்

தேர்வு. விவரம் வரிசையாக.

கிரிம்ஸ்பி மையத்துக்கு நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தேர்வாளர் உயரமானவர், ஐம்பது வயதிருக்கும், மரியாதையான பேச்சு. துணைக்கு வந்தவர் விரும்பினால் பின் இருக்கையில் இருக்கலாம், ஆனால் எதுவும் பேசக் கூடாது என்றார். லில்லி என்னைப் பார்த்தாள். நான் ஏறிக்கொண்டேன்.

முதல் கால் மணி நேரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரமாக நிறுத்தினாள், எடுத்தாள், பின்னால் ஓட்டிக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தேர்வாளருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்கும் முன் "ரைட்" என்பார். நாம் தொண்டையைச் செருமுவதுபோல. "ரைட், இந்தத் தெரு முடிவில் இடப்பக்கம் திரும்புங்கள்." "ரைட், வசதியான இடத்தில் நிறுத்துங்கள்." எனக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. சொல்ல முடியாது.

ஒரு தெரு பெரிய சாலையில் போய்ச் சேரும் இடம். கோட்டில் நிறுத்தினாள். வலப்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தலை திரும்பியதை நான் கண்டேன். தேர்வாளர் மடியில் ஏதோ குறித்துவிட்டு நிமிர்ந்தார். "ரைட்" என்றார். அடுத்து அவர் என்ன சொல்லவிருந்தார் என்பது தெரியாது. லில்லி வண்டியை எடுத்துவிட்டாள்.

"ஸ்டாப்!" என்றார். அவளும் அதே நொடியில் மிதித்துவிட்டாள். வேன் ஹார்னை அழுத்திக்கொண்டே போயிற்று. இந்த நாட்டில் நான் கேட்ட மிக நீளமான ஹார்ன் அது.

தேறவில்லை.

திரும்பும் வழியில், லட்பரோ தாண்டிய பிறகு லில்லி சொன்னாள்: "வேன் வருதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும். நீ பாத்தத நானும் பாத்தேன்."

"அவரு ரைட்னாரு."

"அவரு எல்லாத்துக்கும் ரைட்னுதான் சொல்லுதாரு."

"அதுவும் தெரியும். எனக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. ரைட்னு காதுல விழுந்தா கிளம்பணும்னு காலு பழகிருக்கு. யாரு பழக்குனா?"

வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தேன். காய்ந்திருக்கவில்லை. இருந்தாலும் எடுத்தேன்.

அக்டோபர் 23, புதன்

மகள் நான்சி பெங்களூரிலிருந்து பேசினாள். அம்மா தோற்றுவிட்டாளாமே என்றாள். அடுத்த கேள்வி, "நீங்க கார்ல இருந்தியளாப்பா?"

அவளுக்குச் செய்தியாளர் மூளை.

நவம்பர் 2, சனி

அடுத்த தேதி ஜனவரி 21. அதற்கு முன்னால் ஒன்றும் கிடைக்கவில்லை. லில்லி தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கைபேசியில் பார்க்கிறாள், யாராவது விட்டுக்கொடுத்த இடம் இருக்கிறதா என்று.

இன்று கேரல் என்ற பயிற்சியாளரிடம் முதல் வகுப்பு. அறுபது வயதுக்காரர், குட்டையான நரைத்த முடி. பின்னால் உட்கார்ந்து கவனிக்க அனுமதி கேட்டேன். சரி என்றார். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஊரைத் தாண்டி இரண்டு வளைவு போனதும் கேரல் ஒரு காபிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். இங்கே கேக் மிக நன்றாக இருக்கும், ஒரு மணி நேரம் நிதானமாகச் சாப்பிடலாம் என்று என்னிடம் சொன்னார்.

கேக் சுமார்.

"நான் பேசவே இல்லியே" என்றேன் லில்லியிடம் பிறகு.

"வளைவுக்கு வளைவு ஸ்ஸ்னு மூச்சை இழுத்திய. பாம்பை வச்சுகிட்டு ஓட்டுத மாதிரி இருந்துச்சு."

"கேரல் என்ன சொன்னாங்க?"

"நான் நல்லா ஓட்டுதேனாம்."

"அதுதான் எனக்குத் தெரியுமே."

"ஒரு மணி நேரமும் அவங்க ஒண்ணுமே சொல்லலங்க. அதுதான் வகுப்பு."

நவம்பர் 24, ஞாயிறு

டோனா நூக் என்னும் கடலோரம். இந்த மாதம் நூற்றுக்கணக்கான கடல்நாய்கள் கரையேறிக் குட்டி போடுகின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவை. குட்டிகள் வெள்ளை, மேலே பனி பெய்தாற்போன்ற ரோமம். எங்களுக்கு மிக அருகில் ஒரு பெரிய ஆண் படுத்திருந்தது. அசையவில்லை. யார் போனாலும், எது நகர்ந்தாலும், படுத்தபடியே கழுத்தை நீட்டி உறுமிக்கொண்டிருந்தது.

லில்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, இதைப் பாத்தா யாரோ ஞாபகம் வரல?"

"யாரு?"

"இருந்த இடத்துல இருந்துகிட்டே எல்லாருக்கும் வழி சொல்லுது."

பக்கத்தில் நின்ற தமிழ் தெரியாத மூன்று பேரும் அவள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கார் நிறுத்தத்தில் நான் முன்கதவைத் திறக்கப் போனபோது, "பின்னால உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். வயல் சாலை. இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு டிராக்டர் குறுக்கே திரும்பியது. நான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. லில்லி ஒரு வயல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாளைலருந்து நீங்க வரவேண்டாம். ரவுண்டுக்கும் வேண்டாம், ஞாயித்துக்கிழமையும் வேண்டாம்."

"தனியாவா? இந்த ரோட்டுலயா? பனி, இருட்டு, பீட்ரூட் ஏத்துன லாரி..."

"ஆமா. அதே ரோட்டுலதான்."

"முப்பத்தோரு வருஷம் பாத்தவன்ட்டி நான்."

"பாத்திய. ஓட்டுனியளா?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

"பயம் உங்களுக்கு. அது தப்பில்ல. நீங்க போய்ப் பாத்ததெல்லாம் அப்படி. ஆனா அத எங்கிட்ட குடுக்காதிய. எனக்கு மார்ச் வரைக்கும்தான் டைம் இருக்கு. ஒரு ஆளு பயத்த மட்டும்தான் என்னால சுமக்க முடியும்."

டிராக்டர் போய்விட்டிருந்தது. அவள் கிளம்பினாள்.

நவம்பர் 25, திங்கள்

தனியாகப் போனாள். தனியாக வந்தாள்.

ஜன்னல் விளிம்புகளில் பூஞ்சை பிடித்திருந்ததைத் துடைத்தேன். எல்லா ஜன்னல்களும் முடிந்துவிட்டன.

நவம்பர் 28, வியாழன்

டின் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். ஊர்ச் சொதி இல்லை. ஆனால் சொதிதான். லில்லி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். இன்று எந்த வழியாகப் போனாய் என்று கேட்டேன். "ரோட்டு வழியா" என்றாள்.

மிஸஸ் பெக் 'எங்கா எங்கே' என்று கேட்டாராம். வேலை கிடைத்துவிட்டது என்று லில்லி சொல்லிவிட்டாள். என்ன வேலை என்று நான் கேட்டதற்கு, "சொதி" என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

காலையிலிருந்தே மூடுபனி. எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. நான்கு மணிக்கு இருட்டிவிட்டது. வழக்கமாக அவள் வந்துவிடும் நேரம் கடந்துவிட்டது. கைபேசி எடுக்கவில்லை. அந்தக் கிராமங்களில் பாதி இடங்களில் சிக்னல் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

இஞ்சி நசுக்கி வைத்தேன். சீருடை தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்ததுதான்.

மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

லவுத், டிச. 12: கடும் மூடுபனியில் லாரியின் பின்புறம் மோதிய காரில் இருந்த லில்லிபுஷ்பம் (46)

மேலே உள்ள வரி பழக்கத்தில் வந்தது. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

பிறகு வந்தாள். மிஸஸ் பெக் சமையலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை லில்லி தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம், தன் கோட்டை அவருக்குப் போர்த்திவிட்டு. எலும்பு முறிவு இல்லை என்றே தோன்றுகிறது என்றாள். அதன் பிறகு அந்த மூடுபனியில் இன்னும் இரண்டு வீடு போய், இன்சுலின் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"பனியில எப்படி ஓட்டுன?"

"மெதுவா."

அவ்வளவுதான் சொன்னாள். கை ஜில்லென்று இருந்தது. இஞ்சித் தேநீர் கொடுத்தேன். நான் கைபேசியில் அழைத்ததெல்லாம் அவள் பார்க்கும் முன் அவளிடமிருந்து அதை வாங்கிச் சார்ஜரில் போட்டேன். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் போலும். சாப்பிடும்போது என் தட்டில் அப்பளத்தை வைத்துவிட்டு, "தண்ணி சூடா இருக்கு, முகம் கழுவுங்க, கண்ணு செவந்திருக்கு" என்றாள்.

வெங்காயம் நறுக்கியிருந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

சாலைகளில் உறைபனி. தேர்வு ரத்து. காலையில் தகவல் வந்தது. புதிய தேதி மார்ச் 4. எங்கள் ஓராண்டு முடிவது மார்ச் 11. மார்ச் 4 தவறினால் உடனே மறுதேர்வுக்கு உட்கார முடியாது. இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆக, ஒரே வாய்ப்பு.

இதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். சொல்லிவிட்டு மேலே போனாள். அழுகிறாள் என்று நினைத்துப் படிக்கட்டில் நின்றேன். சீருடை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இன்னைக்கு லீவுல்லா போட்டிருந்த?"

"டெஸ்ட்டுக்குத்தான் போட்டேன். டெஸ்ட்டு இல்லியே. பனி உருக உப்புப் போட்டுட்டாங்கன்னா மத்தியானம் ரோடு சரியாயிரும்."

மதியம் போனாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

லில்லி காலையில் எங்கோ கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. இதைப் பதிவு செய்கிறேன்.

மாலை வந்து, டாட்டர்ஷால் கோட்டைக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். செங்கல் கோட்டை, உச்சிவரை ஏறியிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் படம் ஒன்று வாங்கிவந்தாள். ஒட்டிவிட்டுச் சற்றுப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள்.

"கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்துல நானா போயிட்டு வந்த முதல் இடம்" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. நல்ல மீன் வாங்கி வந்தவள் சொல்வதுபோலச் சொன்னாள்.

வழியில் ஏதாவது பிரச்சினையா என்ற கேள்வி என் வாயில் இருந்தது. "காபி போடவா?" என்று கேட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

கேரலுடன் கடைசி வகுப்பு. லில்லியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். கேக் எப்படி இருந்தது என்று இப்போதும் கேட்கிறார்.

மார்ச் 3, திங்கள்

நாளை எங்கே இருப்பது என்று பேச்சு வந்தது. மையத்துக்கு வர மாட்டேன், வீட்டில் இருக்கிறேன் என்றேன்.

"வீட்லயும் வேண்டாம்."

"பிறகு எங்கட்டி போவேன்?"

"நீங்க ஜன்னல்ல நின்னுகிட்டு இருந்தியன்னா அங்க எனக்கு முதுகுல தெரியும். வெளிய போங்க. பஸ் ஏறி கிளீதார்ப்ஸ் போங்க, கடலப் பாருங்க. முடிஞ்சதும் நான் வந்து கூட்டிக்கிடுதேன். பாஸானாலும் வாறேன், பெயிலானாலும் வாறேன். கடலுக்குள்ள நீளுத அந்தக் கடல் பாலம் பக்கத்துல நில்லுங்க."

"எத்தன மணிக்கு வருவ?"

"வரும்போது வருவேன்."

நான் இந்த நாட்டில் தனியாக ஊர் விட்டு ஊர் போனதில்லை. வந்து ஓராண்டு ஆகப்போகிறது. இதையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். காற்று குறைவு.

லில்லி முதலில் கிளம்பினாள். ஜெபம் செய்தோம். அவளே சுருக்கமாக முடித்தாள். கார் தெருமுனை திரும்பியதை நான் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

கிரிம்ஸ்பியில் பஸ் மாற வேண்டும். தவறான நிறுத்தத்தில் நின்றேன். பையுடன் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவர் என்னை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, தன் பஸ்ஸைத் தவறவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். இன்னொன்று வரும் என்றார்.

கிளீதார்ப்ஸில் கடல் உள்வாங்கியிருந்தது. வெகுதூரம் வரை சேறு, அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே ஒரு பழைய கோட்டை. அது என்ன கோட்டை என்று நாய் கூட்டிவந்த ஒருவரிடம் கேட்டேன். முதல் உலகப் போரின்போது கட்டத் தொடங்கியது என்றார். ஆட்கள் இருக்கிறார்களா, எப்படிப் போவது, சேற்றில் நடக்க முடியுமா என்று நான்கைந்து கேள்வி கேட்டேன். நடந்தால் அலை திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள் என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். லவுத்திலிருந்து என்றேன். அதற்கு முன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

தேர்வு நேரம் அப்போது கடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கைபேசி சட்டைப்பைக்குள் கோட்டின் உள்ளே இருந்தது. கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன்.

கடல் பாலத்துக்கு எதிரே சாலையின் மறுபுறத்தில் நின்றேன். ஒரு பக்கத்துத் தெரு கடற்கரைச் சாலையில் வந்து சேரும் இடம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அந்தத் தெருவில் ஒரு நீல நிறக் கார் வந்து கோட்டில் நின்றது. எங்கள் கார் என்று முதலில் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் அதை வெளியிலிருந்து, ஓடும்போது, நான் பார்த்ததில்லை. உள்ளே லில்லி இருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடற்கரைச் சாலையில் கூட்டம். ஒரு பஸ் போனது. வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பை இருந்தது, பெல்ட் மாட்டாமல். மறுபடி வலப்பக்கம் பார்த்தாள். ஒரு கிழவர் நடைவண்டியோடு தெருவைக் கடக்கத் தயங்கினார். அவரைப் போகச் சொல்லித் தலையசைத்தாள். பின்னால் நின்ற கார் நெருக்கியது. அவள் அவசரப்படவில்லை. ஒரு வேன் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்தாள். போயிற்று. கிளம்பினாள்.

அந்த முகத்தில் தேறியதும் தெரியவில்லை, தேறாததும் தெரியவில்லை. சாலையைப் பார்க்கும் முகம். வார்டில் இரவுப் பணி முடிந்து வரும்போதோ, வீட்டில் என்னோடு பேசும்போதோ நான் பார்த்திராத முகம். வாய் லேசாக அசைந்தது. யாரோடும் பேசவில்லை. பாடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரே முறையில் பின்னால் எடுத்து நிறுத்தினாள். இறங்கினாள். சாலையைக் கடந்து போனேன்.

"எவ்வளவு நேரமா நிக்கிய?"

"இப்பத்தான் வந்தேன்."

"பஸ்ஸு சரியா ஏறுனியளா?"

"ஏறுனேன். ஒரு பொம்பளை உதவி செஞ்சாங்க."

"சாப்பிட்டியளா?"

"இல்ல."

நான் கேட்கவில்லை. அவள் கைப்பையை எடுத்துக் கதவைப் பூட்டினாள். பூட்டிவிட்டு, காரின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"பாஸாயிட்டேங்க" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் நின்று நாங்கள் அப்படிச் செய்கிறவர்கள் அல்ல. கையை விடக் கொஞ்ச நேரமாயிற்று.

"தேர்வாளர் யாரு? அந்த உயரமான ஆளா?"

"இல்ல, ஒரு அம்மா."

"முழுசும் சரியா ஓட்டுனியா?"

"மூணு சின்னத் தப்பு."

"என்னென்ன?"

லில்லி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அது எனக்கும் அந்தம்மாவுக்கும் உள்ளது. வாங்க, பசிக்கு."

தேர்வில் லில்லிபுஷ்பம் (46) தேறினார். தவறுகள் மூன்று. விவரம் தெரிவிக்கப்படவில்லை.